தட்டாமல் இருந்தால் சரி

உட்காருங்கள் அக்கா, இங்கே யாரும் இல்லை. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஜன்னல் பக்கம் மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பஸ்ஸில் எனக்கு இந்தப் பக்கத்து ஜன்னல் வேண்டும். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. சான் அன்டோனியோ பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல் "மாவு பொங்கியிருக்கும், கலக்கிட்டு ஃபிரிட்ஜுல வைடா" என்று சொன்னால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? ராஜபாளையமா? அட, பக்கம்தான். நான் சங்கரன்கோயில். பெயர் கோமதி. அந்த ஊரில் பிறந்துவிட்டு வேறு என்ன பெயர் கிடைக்கும்? நீங்கள் இங்கிலீஷ் டீச்சராக இருந்தீர்களா? நல்லதாகப் போயிற்று. ஏன் என்றால், அதையும் பிறகு சொல்கிறேன்.

நான் பொதுவாகப் பேசாதவள், அக்கா. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூட இரண்டு தடவை குரல் கொடுக்க வேண்டியிருக்கும், முதல் தடவை டீச்சருக்குக் கேட்காது. உங்களிடம் பேச வருகிறது. ஹூஸ்டனில் இறங்கினால் இனி நாம் பார்க்கப்போவதில்லை, அதனாலாக இருக்கும்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். மான் எண்ணுகிற வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான். இங்கிருந்து மேற்கே மேடும் பள்ளமுமாக நிலம் கிடக்கிறது. அங்கே தனியார் நிலத்தைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கம்பி வேலி போட்டு உள்ளே மான் வைத்திருக்கிறார்கள். ரேஞ்ச் என்பார்கள். எங்கள் முதலாளி பெயர் ஹாக்கெட். பெரிய கொம்பு வைத்த கிடா மானைச் சுட எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அந்தக் கொம்புக்காகத்தான் வேலி. ஆனால் வேலி போட்டுவிட்டால் மான் வெளியே போக வழியில்லை. பெட்டைகள் வருடத்துக்கு ஒன்று இரண்டு என்று குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். நிலம் அதே நிலம். நான்கு வருடம் அப்படியே விட்டால் இலை தழை எல்லாம் தீர்ந்து மான்கள் எலும்பும் தோலுமாக நிற்கும். அதனால் குளிர்காலத்தில் இத்தனை பெட்டைகளைக் குறைக்க வேண்டும் என்று ஒரு எண் போடுவார்கள். அந்த எண்ணைச் சொல்கிறவள் நான். போன பருவத்துக்கு நான் சொன்னது நாற்பத்தொன்று.

நான் ஒன்றையும் சுட்டதில்லை, அக்கா. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. எண்ணை மட்டும்தான் சொன்னேன்.

கிடாவைவிடப் பெட்டையைச் சுடுவதுதான் கஷ்டம் என்றால் நம்புவீர்களா? கொம்பு இருந்தால் கிடா, அது யாருக்கும் தெரியும். கொம்பு இல்லாதது எல்லாம் பெட்டை ஆகிவிடாது. ஆறு மாதக் கிடாக்குட்டிக்குக் கொம்பு வெளியே வந்திருக்காது. நெற்றித் தோலுக்கு அடியில் இரண்டு மொட்டு மட்டும் இருக்கும், சட்டைப் பொத்தான் அளவுக்கு. நூறு கஜத்திலிருந்து பார்த்தால் சின்னப் பெட்டை மாதிரியே இருக்கும். தெரியாமல் அதைச் சுட்டுவிட்டால் ஐந்து வருடம் கழித்து வர வேண்டிய கொம்பு போச்சு. ஹாக்கெட்டின் கண்ணில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

அதற்கு விதிகள் எழுதினவளும் நான்தான். ஒரே பக்கம். லேமினேட் பண்ணி ஒவ்வொரு பரணிலும் மாட்டியிருக்கிறார்கள். பரண் என்றால் நம் சோளக்கொல்லைப் பரண் இல்லை, நான்கு கால் வைத்த மரப்பெட்டி, சுற்றிலும் சின்னச் சின்ன ஜன்னல். எதிரே மக்காச்சோளம் தூவும் எந்திரம் இருக்கும், சாயங்காலம் மான்கள் அதைத் தேடி வரும். முதலில் தனியாக வருவதைச் சுடாதே என்று எழுதினேன். கிடாக்குட்டிக்குத்தான் பயம் தெரியாது, அதுதான் முன்னால் ஓடி வரும். இரண்டு மூன்று சேர்ந்து நிற்கிறவரை பொறு, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார், பெரியதை எடு. மூஞ்சி நீளமாக இருந்தால் வயதான பெட்டை. இரண்டு காதுக்கும் நடுவில் தலை வளைந்திருந்தால் பெட்டை, தட்டையாக இருந்தால் கிடா. இன்னும் குட்டி மடி தேடி வருகிற பெட்டையை விட்டுவிடு. எல்லாவற்றுக்கும் மேலாக, கைடு தலையாட்டாமல் விசையைத் தொடாதே. தப்பு நடந்தால் கைடுதான் பொறுப்பு. அந்தக் கடைசி வரியை ஹாக்கெட் சேர்த்தார். நான் எழுதவில்லை.

முறுக்கா? ஒன்று போதும், அக்கா. உங்கள் கையால் சுட்டதா?

எங்கள் கைடு பெயர் யுசேபியோ. மெக்சிகோவிலிருந்து வந்தவர், ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடமாக அதே ரேஞ்சில் இருந்தார். வேலிக்கு உள்ளேயே ஒரு சின்ன வீடு, அவரும் மனைவி ஒஃபீலியாவும். என்னை "டாக்டரா" என்று கூப்பிடுவார், டாக்டரம்மா என்று அர்த்தம். நான் டாக்டர் இல்லை, விலங்கியல்தான் படித்தேன் என்று சொல்ல நினைப்பேன். சொன்னதில்லை. அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் அதை நம் பேச்சிலேயே சொல்கிறேன். ஒரு தடவை அவருக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தேன். தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு, "டாக்டரா, உங்க ஊர்ல யாருக்காவது தண்டனை குடுக்கணும்னா இதைத்தான் குடுப்பாங்களா?" என்றார். மறுநாள் பாட்டிலோடு வந்து இன்னும் கேட்டார்.

எனக்குப் பேச வராது, பார்க்க வரும். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரமே ஒன்றைப் பார்த்தேன். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றும்போது யுசேபியோ கோப்பைக்கு உள்ளே ஒரு விரலை வைத்திருப்பார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்துவார். இன்னொரு நாள், நம் ஊர்ச் சீமைக்கருவேலம் மாதிரி ஒரு முள்மரம் இங்கே இருக்கிறது, அதன் அடிக்கட்டையைப் பைனாகுலரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "படுத்திருக்கு, எந்திரிக்கட்டும்" என்றார். வந்த விருந்தாளியும் பாவம், அந்தக் கட்டை எழுந்திருக்கும் என்று காத்திருந்தார்.

அவர் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியாது. ஹாக்கெட்டுக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பரணில் விருந்தாளியும் கைடும் முன்னால் உட்காருவார்கள். நான் கைடுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை மான் வந்தது என்று குறித்துக்கொள்வேன். நவம்பரில் ஒரு நாள் அவர் தலையாட்டப் போகிற நேரம், எதிரே நின்றது கிடாக்குட்டி. எனக்கு வாய் வரவில்லை. கை தானாகப் போய் அவர் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டியது. அப்படியே நிறுத்திவிட்டார். "பொறுங்க, இதைவிடப் பெருசு வரும்" என்று விருந்தாளியிடம் சொன்னார். வந்தது. ஏணியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "டாக்டரா, நாளைக்கும் எனக்குப் பின்னாலயே உக்காரு" என்றார்.

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். வேண்டாம் என்றால் இரண்டு தட்டு. தட்டாமல் இருந்தால் சரி. எனக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? எல்லா இடத்திலும் ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பரணில் மட்டும்தான் நான் சும்மா இருந்தாலே ஒரு பதில் சொன்ன மாதிரி.

முப்பத்தைந்து பெட்டை, அக்கா. ஒரு தப்புகூட இல்லை. அக்கம்பக்கத்து ரேஞ்ச் எதிலும் அப்படி நடந்ததில்லை. ஹாக்கெட் எல்லார் முன்னாலும் அவர் முதுகில் ஒரு அறை விட்டு, "கழுகுடா நீ" என்றார். யுசேபியோ சிரித்தார். மறுநாள் காலையில் என் அறை வாசலில் ஒரு பை நிறைய பீக்கன் கொட்டை இருந்தது. உடைத்துச் சுத்தம் பண்ணி வைத்திருந்தது. அதை உடைக்கிறதுக்குள் விரல் நகம் பெயர்ந்துவிடும்.

பிறகுதான் டாக்டர் நெல்லையப்பன் வந்தார். இவர் நிஜ டாக்டர், ஹூஸ்டனில் இருதய டாக்டர். மூன்று சிநேகிதர்களோடு மூன்று நாள் தங்க வந்தார். என் பெயரைக் கேட்டதும், "ஏ, நம்ம பக்கத்துப் பிள்ளையா நீ? நான் புளியங்குடில்லா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பத்திரண்டு வருடம் ஆகிறதாம் வந்து. பேச்சு அப்படியே இருக்கிறது. தமிழ் கேட்டு எனக்கும் மாதக்கணக்காகியிருந்தது. எனக்கு என்ன விசா, இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று எல்லாம் விசாரித்தார். படிப்பு முடிந்து ஒரு வருடம் இங்கே வேலை பார்க்கலாம், அக்கா. அதற்குள் நல்ல இடம் ஒன்று கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் அப்பா இரண்டு இடத்தில் ஜாதகம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். "உன் வேலை விஷயத்தை எங்கிட்ட விட்டுரு. யுனிவர்சிட்டில நமக்கு ஆள் இருக்கு, ஒரு போன் போட்டாப் போதும்" என்றார் டாக்டர். நான் சிரித்தேன். எனக்குப் பெரியவர்கள் எது சொன்னாலும் சிரிப்புத்தான் வரும்.

முதல் நாளே சிநேகிதர்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்துவிட்டார்கள். அதையும் சேர்த்து முப்பத்தெட்டு, அதிலும் தப்பு இல்லை. டாக்டருக்கு அன்றைக்கும் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அவரை ஓட்டினார்கள். "ஆள் மயக்கத்துல இருந்தாத்தான் டாக்டருக்குக் கை வரும், மானுக்கு ஊசி போட்டுப் படுக்க வெச்சுக் குடுங்கப்பா" என்று ஒருவர். டாக்டரும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது, பார்த்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பரணில் ஏறினதுமே என்னிடம் தமிழில் சொன்னார்: "இந்தாம்மா கோமதி, இவன் எதுக்கெடுத்தாலும் பொறு பொறுங்கான். இன்னைக்கு வெறுங்கையோட போனா மானம் போயிரும். நீதான் பாத்துச் சொல்லணும், என்ன?"

யுசேபியோவுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை, ஊர்க்கதை என்றேன்.

எந்திரம் சோளத்தைத் தூவினது. ஒரு மான் வந்தது. முதலில், தனியாக. பிறகு தூரத்தில் செடிகளுக்குப் பின்னால் இரண்டு முதுகு தெரிந்தது, அதனால் தனியாக என்றும் சொல்ல முடியாது. வெளிச்சம் போய்விட்டது. அதுதான் நடந்தது, அக்கா. வெளிச்சம் போய்விட்டது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நான் தட்டவில்லை. யுசேபியோ தலையாட்டினார், டாக்டர் சுட்டார்.

கிட்டே போனோம். யுசேபியோதான் முதலில் மண்டியிட்டார். காதுக்கு நடுவில் கட்டைவிரலை வைத்துத் தடவினார், நாம் குழந்தைக்கு உச்சி தடவுவோமே, அப்படி. விரல் ஒரு இடத்தில் நின்றது. பிறகு இன்னொரு இடத்தில் நின்றது. எழுந்து கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, "நல்ல குறி, டாக்டர்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

கறிக்கொட்டகையில் எடை போட்டு, தாடை எலும்பை எடுத்துப் பல்லைப் பார்த்து வயது எழுதி, மடியை அழுத்திப் பால் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்றைக்கு அழுத்த மடி இல்லை. ஆண் என்று எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்? நான் பொய் எழுத மாட்டேன். அந்தத் தாளில் எழுதினதைத்தான் ஹாக்கெட் மறுநாள் காலையில் படித்தார்.

நேராக வந்தார். டாக்டரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, விருந்தாளி. யுசேபியோவைக் கொட்டகை வாசலுக்குக் கூப்பிட்டார். நானும் நோட்டோடு போய் நின்றேன்.

"அந்தத் தண்ணித்தொட்டில என்ன எழுதியிருக்கு, படி" என்றார் ஹாக்கெட்.

"ஹாக்கெட் ரேஞ்ச், வடக்கு மேய்ச்சல்" என்றார் யுசேபியோ, தயங்காமல்.

"படிச்சியா, மனப்பாடமா?"

"நான்தானே எழுதினேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஹாக்கெட் சிரிக்கவில்லை. வடக்கே கையை நீட்டி, "அங்க எத்தனை மான் நிக்குது, சொல்லு" என்றார்.

மூன்று நின்றது, அக்கா. தெளிவாக மூன்று. நான் யுசேபியோவுக்குப் பின்னால்தான் நின்றேன். அவர் வடக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முழங்கை கொஞ்சம் பின்னால் வந்தது. இவ்வளவு, ஒரு சாண்கூட இல்லை. என் பக்கமாக வந்து அங்கேயே நின்றது.

நான் நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு" என்றார் யுசேபியோ.

ஹாக்கெட் என்னைப் பார்த்தார். "நீயும் பரண்ல இருந்தியே, நீ பாக்கலையா?"

"நான் எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அது பொய் இல்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு மத்தியானமே அவர்கள் வீட்டைக் காலி பண்ணினார்கள். பத்தொன்பது வருடத்துச் சாமான் ஒரே வண்டியில் ஏறிவிட்டது. ஒஃபீலியா கோழிக்கூண்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். பருவம் முழுக்க எனக்குக் கண்ணாக இருந்தவள் இவள்தான், இவளும் உடந்தை என்று யுசேபியோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. அவருக்கும் பேச வராது போல, என்னை மாதிரி. சில பேர் அப்படித்தான்.

மீதி மூன்று பெட்டைக்கு ஹாக்கெட் என்னையே கைடாக உட்கார வைத்தார். நான் தலையாட்டினேன். மூன்றும் சரியான பெட்டை, வயதானது. அறிக்கையில் நாற்பத்தொன்றும் எழுதி, கீழே "தவறு: ஒன்று" என்று எழுதினேன். ரொம்பச் சுத்தமான அறிக்கை என்று ஹாக்கெட் சொன்னார்.

டாக்டர் நல்லவர், அக்கா. சொன்ன மாதிரியே போன் போட்டார். திங்கட்கிழமை யுனிவர்சிட்டியில் என்னைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அவர் வீட்டில்தான் தங்குகிறேன். அந்த மானை வீட்டம்மா மிளகு போட்டுப் பிரட்டினார்களாம், படம் அனுப்பியிருந்தார். "இளங்கறி, பஞ்சு மாதிரி இருந்துச்சும்மா" என்று எழுதியிருந்தார். நான் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினேன். வேறு எதை அனுப்புவது?

என்ன கேட்டீர்கள்? வெளிச்சமா?

இல்லை, நான் அன்றைக்கு நோட்டில் நேரம் குறித்திருந்தேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். சூரியன் விழ இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. ஆனால் டாக்டருடைய பெரிய பை எனக்கும் யுசேபியோவுக்கும் நடுவில் இருந்தது. கை எட்டவில்லை. அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

நீங்கள் டீச்சராக இருந்தவர், இப்படிப் பார்க்காதீர்கள்.

பை கீழே இருந்தது. என் கை அவர் முழங்கைமேல்தான் இருந்தது. எப்போதும் முன்னாலேயே வைத்துக்கொள்வேன், நேரத்துக்குத் தட்டுவதற்கு. அந்தக் குட்டி நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. தலை தட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் முடி சுழித்துக் கறுப்பாக இரண்டு பொட்டு. நான் எழுதின விதியில் படம் வரைந்திருக்கிறேனே, அதே மாதிரி. டாக்டர் துப்பாக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "இது பெட்டைதானம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சொல்லவே இல்லை. சிரித்தேன். யுசேபியோ காத்திருந்தார். வழக்கமாக மூன்று எண்ணுகிற நேரம் காத்திருப்பார். அன்றைக்கு நான் பத்து வரை எண்ணினேன். கையின்கீழ் அவர் முழங்கை அசையாமல் இருந்தது. பதினொன்றில் தலையாட்டினார்.

இல்லை, எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை அவர்மேல். ஏன் இருக்க வேண்டும்?

இதோ, வேகம் குறைகிறது பாருங்கள். இங்கே பதினைந்து நிமிடம் நிற்கும். நேர் பஸ் ஒன்று இருக்கிறது, நிற்காமல் போகும், அதில் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே? அந்த டீசல் பங்கை ஒட்டி ஒரு சாப்பாட்டுக்கடை தெரிகிறதா, சிவப்புப் பலகை? ஒஃபீலியாவுடைய தங்கை கடை. வாசலில் மேஜை துடைக்கிறார் பாருங்கள், நீலத் தொப்பி. அவர்தான்.

இது மூன்றாவது முறை, அக்கா. இரண்டு தடவையும் இந்த ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனேன். பஸ் கண்ணாடி கறுப்பு, வெளியிலிருந்து தெரியாது. அவருக்கு எப்படியும் தெரியாது.

இந்தக் கவரை அவரிடம் கொடுப்பீர்களா? நீங்கள் எப்படியும் காபி குடிக்க இறங்குவீர்கள். கடிதம்தான், இங்கிலீஷில் இருக்கிறது. எங்கள் பக்கத்து ரேஞ்சில் வேலி பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், கண் அவ்வளவு வேண்டாம். வீடும் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஹாக்கெட்டிடம் விசாரித்தபோது, பருவம் முழுக்க என்னை ஏமாற்றினவன் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த மாதக் கடைசிக்குள் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். அதனால்தான் அவர் அங்கே கொண்டுபோய்க் காட்டட்டும் என்று எழுதினேன். "அன்று பரணில் உடனிருந்த ஒருவர் அந்தத் தவறைத் தடுத்திருக்க முடியும், பருவம் முழுவதும் அவர்களுடைய உடன்பாட்டினால்தான் தவறு நேராமல் இருந்தது" என்று. நான்கு தடவை திருத்தினேன்.

பெயரா? போடவில்லை. உடனிருந்த ஒருவர் என்றால் புரிந்துகொள்வார்கள். ஆமாம், டாக்டரும் இருந்தார்தான். அதை நான் யோசிக்கவில்லை.

நான் எப்படிப் போவது, அக்கா? போய் என்ன சொல்ல? நீங்கள் போங்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

*

வந்துவிட்டீர்களா? உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கவரைப் பிரித்துக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தார், பிறகு உங்களிடமே கொடுத்துவிட்டார். நீங்கள் படித்தீர்கள். அவர் துணியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் நீங்கள் இன்னும் படிக்க வேண்டும் என்கிற மாதிரி நின்றார். என்ன சொன்னார்?

பெயர் கேட்டாரா?

நீங்கள் சொல்லவில்லையே? சரி. இது என்ன, கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறீர்கள்? பேனா எதற்கு? பெயர் இல்லாத காகிதத்தைக் கொண்டுபோய் யாரிடம் நீட்டுவது என்றாரா? அவ்வளவுதானா, வேறு ஒன்றும் சொல்லவில்லையா?

டாக்டரா எப்படி இருக்கா என்று கேட்டாரா?

அப்படியென்றால் தெரிந்துவிட்டது. படித்த உடனே தெரிந்திருக்கும். கோபமாகக் கேட்டாரா? சாதாரணமாகவா? ஊறுகாய் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுன்னாரா? அக்கா, நிஜமாக அப்படிச் சொன்னாரா, நீங்களாகச் சொல்கிறீர்களா?

இதில் பெயர் போட்டால் ஹாக்கெட் என்னை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். டாக்டருக்கும் போகும், நான் தெரிந்தேதான் சும்மா இருந்தேன் என்று. திங்கட்கிழமை அவ்வளவுதான். பேனா எழுதுகிறதா என்று பார்க்கிறேன். எழுதுகிறது. கடையில் பில் எழுதுகிற பேனா, மூடிகூடக் கடித்து வைத்திருக்கிறார்கள். எங்கே போடுவது, கீழேயா? நீங்கள் பார்க்காதீர்கள், யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது.

இதோ. கோமதி. முழுப் பெயரும் போட்டுவிட்டேன், போன் நம்பரும். கடைசி எழுத்து கோணிவிட்டது, பஸ் ஆடுகிறது.

ஏன் ஆடுகிறது? கிளம்பிவிட்டானா? பதினைந்து நிமிடம் என்றானே. அக்கா, அவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமே பார்க்கிறார். பஸ் நகர்வதுகூட அவருக்குத் தெரியவில்லை. டிரைவரை நிறுத்தச் சொல்லுங்கள். சத்தமாக ஒரு தடவை சொன்னால் போதும், நிறுத்திவிடுவான். எனக்குக் குரல் வராது, உங்களிடம்தான் சொன்னேனே. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பீர்கள்!

ரோட்டுக்கு வந்துவிட்டான்.

அக்கா, நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?